ஐபிஏவை, அதாவது வேலைப் பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதத்தை, படிக்காமல் பணத்தை நீட்டாதீர்கள், தம்பி

அறந்தாங்கியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஸ்கில் (கட்டுமான வேலைத் திறன் தேர்வு) அடித்தாகிவிட்டது, சிங்கப்பூரில் மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்கிறார் ஏஜென்ட், மூன்று லட்சம் கேட்கிறார், வரலாமா? ரூம், சாப்பாடு, வெயில் எல்லாம் எப்படி?

வெயில் நம்ம ஊர் வெயில்தான், மழை கொஞ்சம் கூட. ரூம் பழகிவிடும். அந்த மூன்று லட்சத்துக்கு வருவோம்.

2007இல் நான் 1,80,000 ரூபாய் கட்டி வந்தேன். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, மிச்சம் மூன்று வட்டிக்கு வாங்கியது. ஏஜென்ட் வாயில் "எல்லாம் சேர்த்து 700". வந்து பார்த்தால் அடிப்படை நாளைக்கு 18 வெள்ளி, மீதியை ஓடி, அதாவது ஓவர்டைம், பார்த்துத் தேற்ற வேண்டும். அன்றைக்கு ஒரு வெள்ளி 27 ரூபாய், பெருக்கினால் 486 ரூபாய்; ஊரில் கையாளுக்கு 120 கொடுத்த காலம். நாலு மடங்கு! அந்தப் பெருக்கலில் மயங்கியே நாள் ஓடியது. கடன் அடைந்தபோது இரண்டு வருடப் பெர்மிட்டும் முடிந்திருந்தது.

ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வரும் மலேசியக்காரர் ஒருவர் என் பக்கத்தில் கம்பி கட்டினார். அவருக்கு என்னைப்போல் மூன்று பங்கு சம்பளம். கம்பியும் வெயிலும் ஒன்றுதான்.

உங்கள் உழைப்பு 800 வெள்ளிதான் பெறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டுமானத்தில் அடிப்படைத் திறன் மட்டும் உள்ள வெளிநாட்டு ஆளுக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி 2024இலிருந்து மாதத்துக்கு 900 வெள்ளி. உயர்திறன் என்றால் 500. ஆக 1,700 வரை செலவழித்து உங்களை வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. கைக்கு 800 வருவது, ஊரில் உங்களுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருப்பதால். லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மனிதவள அமைச்சுக்குப் போங்கள்.

இங்குள்ள ஏஜென்ட் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். ஊரில் ரொக்கமாக வாங்குபவரை அந்தச் சட்டம் தொடாது, ரசீதும் தர மாட்டார். ஐபிஏ தாள் கைக்கு வரட்டும். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஓடிக்கு ஒன்றரை மடங்கு என்பது அடிப்படையை வைத்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கச் சிலை முன்னால் கூலிங்கிளாஸோடு நின்று ஊருக்குப் படம் அனுப்பும் நம் ஆட்கள்தான் ஏஜென்டுக்குப் பாதி விளம்பரம். கடன் எவ்வளவு என்று ஒருத்தனும் சொல்வதில்லை. நானும் அனுப்பியிருக்கிறேன், சரி.

சாப்பாடு கேட்டீர்கள். கேட்டரிங் பொட்டலம் விடிகாலை நாலு மணிக்கே வந்துவிடும். பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சாம்பார் நுரைத்திருக்கும். என் அறைத்தோழர், திருவாரூர்க்காரர், தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) வாங்கிய மாங்காய் ஊறுகாய் பாட்டிலைப் பழைய சேஃப்டி பூட்ஸுக்குள் ஒளித்து வைத்திருப்பார். அது இல்லாவிட்டால் அந்தச் சோறு இறங்கியிருக்காது.

எட்டு வருடத்தில் சூப்பர்வைசர் ஆனேன், இப்போது பிஆர் (நிரந்தரவாசி), ஈசூனில் வீடு. இன்றைக்கும் சோற்றில் சாம்பாரை ஊற்றும் முன் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கிறேன். அடுப்பிலிருந்து இப்போதுதானே இறக்கினேன் என்று மனைவி திட்டுகிறாள்.