ஆறு வாரக் கெடுவும் அறுபது பக்க ஒப்பந்தமும்

கேள்வி: ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பெரிய பதிப்பகம் ஒன்றின் பிரதிநிதி வந்து, மூன்று வருட ஒப்பந்தத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அறுபது பக்கம். இதுவரை ஜர்னல்களைப் படிக்க மட்டும் சந்தா கட்டினோம். இனி ஒரே தொகையில் படிக்கவும் செய்யலாம், எங்கள் ஆட்களின் கட்டுரைகளைத் திறந்த அணுகலில், அதாவது யாரும் காசு கட்டாமல் படிக்கும்படி, வெளியிடவும் செய்யலாம் என்கிறார். இப்போது கட்டுவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆறு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அறிவியல் துறையினர் உடனே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மொழி, வரலாற்றுத் துறையினர் "இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்கிறார்கள். துணைவேந்தர் "உங்கள் முடிவு" என்று சொல்லிவிட்டார். என்னைவிட மூத்தவரான உதவி நூலகரோ, "மறுத்தால் ஜர்னலை மூடிய நூலகர் என்று பெயர் வந்துவிடும் மேடம்" என்கிறார். பத்து வருடம் முன்பு ஆரம்பித்த ஒரு டிஜிட்டல் களஞ்சியமும் இருக்கிறது. அதில் பழைய ஆய்வேடுகள் மட்டும் கிடக்கின்றன. திறந்த அணுகலை மனதார நம்புகிறவள் நான். இந்த ஒப்பந்தம் அதற்கான வழிதானா? அடுத்த திங்கட்கிழமை பிரதிநிதி மறுபடி வருகிறார். என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம், ஒரு தலைமை நூலகர்

பதில்: திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். முடியாது என்றும் சொல்லாதீர்கள். உங்களிடம் இன்னும் கணக்கு இல்லை. கணக்கு இல்லாமல் சொல்லும் 'சரி'யும் 'முடியாது'ம் ஒன்றுதான்.

முதலில் அந்த ஆறு வாரம். அது பெரும்பாலும் பிரதிநிதியின் விற்பனைக் கணக்குக்கான கெடு. உங்களுக்கு உண்மையான கெடு, இப்போதைய சந்தா முடியும் தேதி. அந்தத் தேதி தாண்டினாலும் மறுநாள் காலையிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள் என்றில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் எல்செவியர் என்ற பெரிய பதிப்பகத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2018 டிசம்பரோடு முடிந்தது. 2019 பிப்ரவரியில் பேச்சுவார்த்தை முறிந்தது. புதிய கட்டுரைகளுக்கான வழி அடைபட்டது ஜூலையில்தான். பழைய ஆண்டுகளின் கட்டுரைகளில் பெரும்பகுதி அப்போதும் திறந்தே இருந்தது, ஏனென்றால் நிரந்தர அணுகல் உரிமையை முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். உங்கள் பழைய ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

இப்போது என் கதை. நூலகத் தலைமைக்கு வந்த இரண்டாம் வருடம் நானும் இதே மாதிரி ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். எந்தப் பதிப்பகம் என்பது வேண்டாம். விழா மாதிரி அறிவித்தோம். அக்டோபரில் ஒரு நாள், தாவரவியலில் ஆய்வு செய்யும் பையன் ஒருவன் கையில் ஒரு காகிதத்தோடு என் அறை வாசலில் நின்றான். கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, வெளியிடக் கட்டணம் கட்டச் சொல்லி இன்வாய்ஸ் வந்திருக்கிறது. "நூலகம் கட்டிவிட்டது, இனி இலவசம் என்று போஸ்டரில் போட்டிருந்தீர்களே?" என்றான். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், பின்னிணைப்பில், நாற்பத்தோராம் பக்கம் என்று நினைவு, வருடத்துக்கு இத்தனை கட்டுரைதான் என்று உச்சவரம்பு இருக்கிறது. செப்டம்பரிலேயே அது தீர்ந்துவிட்டது. "இது என் நாலு மாத உதவித்தொகை" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை நான் ரொம்ப நாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், பிரதிநிதி தரும் பளபளப்பான வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு நீங்களே எண்ணுங்கள். கடந்த மூன்று வருடத்தில் இந்தப் பதிப்பகத்தில் உங்கள் பல்கலைக்கழகப் பெயரோடு வந்த கட்டுரைகள் எத்தனை? வருடத்துக்குத் தொண்ணூறு என்று வையுங்கள். அவற்றில் கரஸ்பாண்டிங் ஆத்தர், அதாவது கட்டுரைக்காக இதழோடு தொடர்பில் இருக்கும் பொறுப்பாளர், உங்கள் ஆளாக இருப்பது எத்தனை? இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாக அவர்களுக்குத்தான் செல்லும், கூட்டாக எழுதியவர்களில் நாலாவது பெயராக இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. தொண்ணூறு நாற்பதாகச் சுருங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த நாற்பதில், ஏற்கெனவே முழுக்கத் திறந்த இதழ்களில் வந்தவை எத்தனை? அந்த இதழ்களையும், பதிப்பகத்தின் கிரீடமான இதழ்களையும் ஒப்பந்தத்துக்கு வெளியே வைப்பது ஒரு பழைய வித்தை. 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தார்கள். அந்த மாதிரி இதழ்களை 'எல்லா ஜர்னலும்' என்ற சொல்லுக்குள் சும்மா போட்டுத் தர யாருக்கும் மனசு வராது.

படிக்கும் பக்கக் கணக்குக்கு, எந்த இதழ் எவ்வளவு பயன்பட்டது என்று பதிப்பகம் தரும் கவுண்டர் அறிக்கையை எடுங்கள். தொகுப்பில் ஆயிரம் தலைப்பு இருந்தாலும் பதிவிறக்கத்தில் பெரும்பகுதி கொஞ்ச இதழ்களிலிருந்துதான் வரும். அந்தக் கொஞ்ச இதழ்களின் கட்டுரைகளிலும் ஒரு பங்கு ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. இயற்பியல்காரர்களைக் கேளுங்கள், 1991-இலிருந்து அவர்கள் ஆர்க்கைவ் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில்தான் முதலில் படிக்கிறார்கள். இதையெல்லாம் கழித்தபின் வரும் எண்தான் நீங்கள் உண்மையில் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று சொல்லும்.

திறந்த அணுகலுக்கு இந்த ஒப்பந்தம் ஒரு வழிதானா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வழி, ஆனால் குறுகலான வழி. 2002-இல் திறந்த அணுகலுக்கான புடாபெஸ்ட் அறிக்கையை எழுதியவர்கள் இரண்டு பாதைகளைச் சொன்னார்கள்: கட்டுரையாளரே தன் கட்டுரையைக் களஞ்சியத்தில் வைப்பது, திறந்த இதழ்களை நடத்துவது. எழுதுகிறவர் பணம் கட்டியாக வேண்டும் என்று அவர்கள் விதிக்கவில்லை. படிப்பவரிடம் வாங்கிய காசை எழுதுபவரிடம் வாங்குவதாக மாற்றியது பின்னால் வந்த வியாபாரம். இந்த ஒப்பந்தங்களை 'மாறுகாலத்துக்கானவை' என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். தாங்கள் பணம் தரும் ஆய்வுகள் உடனே திறந்த அணுகலில் வர வேண்டும் என்ற பிளான் எஸ் திட்டத்தை முன்னெடுத்த நிதியளிப்பாளர்களே 2024 முடிவோடு இவற்றுக்கான தங்கள் ஆதரவை நிறுத்திக்கொண்டார்கள். மாறுகாலம் முடிகிற மாதிரி தெரியவில்லை என்பதுதான் அவர்கள் குறை.

இதைச் சொல்வதால் நான் எதிரி என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாக்காரர்கள் 2021 மார்ச்சில் எல்செவியரோடு போட்டதும் படிக்க-வெளியிட ஒப்பந்தம்தான். ஒவ்வொரு கட்டுரைக்கும் நூலகம் முதல் 1,000 டாலர் கட்டும், ஆய்வு நிதி இருப்பவர் மீதியைக் கட்டுவார், இல்லாதவருக்கு நூலகமே முழுதும் கட்டும் என்ற ஏற்பாடு அவர்கள் கேட்டு வாங்கியது. பேச்சுவார்த்தைக் குழுவின் இணைத்தலைவர்களில் ஒருவர் பெர்க்லி வளாகத்தின் அப்போதைய தலைமை நூலகர் ஜெஃப்ரி மக்கி-மேசன். தொழிலால் பொருளாதாரப் பேராசிரியர்! எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பேச்சு முறிவதற்கு முந்தின வருடமே, அங்கே பேராசிரியர்களின் நூலகக் குழு பதினெட்டு கொள்கைகளை எழுதி வெளியிட்டிருந்தது. கதவு அடைபட்டபோது திட்டு பதிப்பகத்துக்குப் போனது, நூலகத்துக்கு வரவில்லை என்றால் அந்தப் பதினெட்டும் ஒரு காரணம்.

உங்கள் துணைவேந்தரின் பேச்சை இங்கே வைத்துப் பாருங்கள். மேலிடம் "உங்கள் முடிவு" என்றால், பழியும் உங்களுடையது என்று அர்த்தம். அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். ஐந்து துறைகளிலிருந்து ஐந்து பேர் கொண்ட ஒரு சின்னக் குழு கேளுங்கள். அதில் உடனே போடுங்கள் என்று கத்துகிறவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும், வெளியே இருந்தால் அவர் வாய் சும்மா இருக்காது. நீங்கள் எண்ணிய கணக்கை அவர்கள் முன்னால் விரியுங்கள். 2012-இல் ஹார்வர்டின் நூலக ஆலோசனைக் குழு செய்ததும் இதுதான்: சில பதிப்பகங்களின் இதழ்களுக்கு மட்டும் வருடம் சுமார் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் போகிறது, ஒரே இதழுக்கு 40,000 டாலர் வரைகூட ஆகிறது என்று தங்கள் பேராசிரியர்களுக்கே எழுதினார்கள். அவ்வளவு செல்வமுள்ள இடமே வாய்விட்டுச் சொன்னபோதுதான் பலருக்கு விலை என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. இலவசமாகத் திறக்கும் பக்கத்துக்கு நூலகம் பணம் கட்டுகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்.

சரி, அந்தக் களஞ்சியம். உங்கள் கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு என்னவோ அதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே துருப்புச்சீட்டு என்று தோன்றுகிறது.

இப்படிக் களஞ்சியங்கள் படுத்துவிட்டதற்குப் பல இடங்களில் நான் பார்த்த காரணம் ஒன்றுதான்: பேராசிரியரையே பதிவேற்றச் சொல்லியிருப்போம். அவர் செய்ய மாட்டார். "கட்டுரையை அனுப்புங்கள்" என்று கெஞ்சினால், ஜர்னல் தளத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப்பை அனுப்புவார். இரண்டு பத்தியாக அச்சுக்கோத்தது, தலையில் இதழின் முத்திரை, காலில் பதிப்புரிமைக் குறி. சந்தா இதழாக இருந்தால் பெரும்பாலும் அதை நீங்கள் பொதுவில் வைக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது, மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தமெல்லாம் முடிந்து, இதழ் ஏற்றுக்கொண்ட கடைசி வேர்ட் கோப்பு. இரட்டை வரி இடைவெளி, ஓரத்தில் வரி எண்கள், படங்கள் எல்லாம் கடைசிப் பக்கங்களில். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் சரக்கு அதேதான். பெரும்பாலான இதழ்கள் இந்தப் பிரதியைக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன. சிலது உடனே, சிலது பன்னிரண்டு மாதம், இருபத்து நான்கு மாதம் கழித்து. எந்த இதழுக்கு என்ன விதி என்பதை, முன்பு ஷெர்பா ரோமியோ என்றிருந்த 'ஓபன் பாலிசி ஃபைண்டர்' தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், அந்த வேர்ட் கோப்பு 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்' என்ற பெயர்களில் யாரோ ஒரு மாணவரின் மடிக்கணினியில் இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த மாணவரே இருக்க மாட்டார். ஏற்புக் கடிதம் வந்த அன்று கேட்டால் கிடைக்கும். அன்று எல்லோரும் சந்தோஷமாகவும் இருப்பார்கள். எங்கள் நூலகத்தில் கடைசியில் பலித்தது இவ்வளவுதான்: ஏற்புக் கடிதத்தை நூலக முகவரிக்கு ஃபார்வர்ட் செய்து, கோப்பை இணைத்துவிடுங்கள், மீதி எங்கள் பாடு. விதி பார்ப்பது, விவரம் நிரப்புவது, காத்திருப்புக் காலம் முடிந்ததும் திறப்பது எல்லாம் ஒரே ஒரு நூலகப் பணியாளர் செய்தார்.

இதற்குச் சட்ட பலம் வேண்டுமென்றால், 2008 பிப்ரவரியில் ஹார்வர்டின் கலை அறிவியல் புலம் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தை வாங்கிப் படியுங்கள். பேராசிரியர்கள் தங்கள் கட்டுரைகளைத் திறந்து வைக்கும் உரிமையை முன்கூட்டியே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். யாருக்காவது ஒரு கட்டுரைக்கு வேண்டாமென்றால் விலக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கணினி அறிவியல் பேராசிரியர் ஸ்டூவர்ட் ஷீபர். நீங்களும் ஒரு ஷீபரைத் தேடுங்கள். நூலகர் கொண்டுவரும் தீர்மானம் சுற்றறிக்கையாகப் படிக்கப்படும், பேராசிரியர் கொண்டுவருவது விவாதிக்கப்படும்.

மொழி, வரலாற்றுத் துறையினரின் கேள்வி நியாயமானது. அவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. கூடுதலாகக் கட்டவிருக்கும் தொகையில் ஒரு பங்கை எடுத்து, எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத ஒரு இதழை நூலகமே நடத்த முடியுமா என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். இதழ் நடத்த உதவும் ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் மென்பொருள் இலவசம். 2015-இல் 'லிங்குவா' என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் குழு மொத்தமாக ராஜினாமா செய்து 'குளோஸா' என்ற திறந்த அணுகல் இதழை ஆரம்பித்தது, அந்தக் கதையைச் சொன்னால் மொழித் துறையில் முகம் மலரும். ஆனால் ஒன்றோடு நிறுத்துங்கள், அதுவும் மின்னஞ்சலுக்குப் பதில் போடும் பழக்கமுள்ள ஒரு இதழாசிரியர் கிடைத்தால் மட்டும்.

அப்புறம் உங்கள் உதவி நூலகர். அவர் பயம் பொய்யில்லை, அவர் பல தலைமைகளைப் பார்த்தவர். அவரையே நான் மேலே சொன்ன எண்ணிக்கைக்குப் பொறுப்பாக்குங்கள். வேறு நூலகத்திலிருந்து ஒரு கட்டுரையை வரவழைத்துத் தர இப்போது எத்தனை நாள் ஆகிறது என்றும் அவரிடமே கேளுங்கள். ஒரு வாரம் என்றால் அதை ஒரு நாளாக்கும் வேலையையும் அவரிடம் கொடுங்கள். கேட்ட கட்டுரை மறுநாள் கையில் கிடைக்கும் இடத்தில் 'மூடிய நூலகர்' என்ற பெயர் ஒட்டாது.

இனி திங்கட்கிழமை. பிரதிநிதியை அன்பாக உட்கார வையுங்கள், அவரும் பாவம் சம்பளக்காரர்தான். இதை மட்டும் சொல்லுங்கள்: "எங்கள் பல்கலைக்கழகக் கட்டுரைகளின் பட்டியல், கரஸ்பாண்டிங் ஆத்தர் பெயரோடு, மூன்று வருடத்துக்கு உங்கள் பக்கமிருந்து வேண்டும். உச்சவரம்பு இருந்தால் அந்த எண்ணை முதல் பக்கத்தில் போடுங்கள். விலக்கிய இதழ்களின் பெயர்கள் வேண்டும். கட்டிய வருடங்களுக்கு நிரந்தர அணுகல் வேண்டும். விலையை ரகசியமாக வைக்கும் ஷரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கடைசி வரியில் அவர் கொஞ்சம் நெளிவார். ஒரு மாநாட்டில் நானும் இன்னொரு நூலகரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே தொகுப்பை என்ன விலைக்கு வாங்கினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் பொதுப் பணத்தைத்தான் கொடுத்திருந்தோம். அந்த ஷரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

"தலைமையகத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். கேட்டுவிட்டு வரட்டும். அதற்குள் உங்கள் உதவி நூலகர் பட்டியலை முடித்திருப்பார், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். எண்கள் பொருந்தவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.