மாத்திரைக்கு முன்பா, பின்பா?

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி 8 மாதம். மாதாமாதம் கண்டிக்கு கிளினிக் போகிறோம். இரத்தத்தில் டக்ரோலிமஸ் (புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் அடக்கும் மருந்து) அளவு முந்தின மாதம் 6.8, போன மாதம் 14.2. மருந்தை யாரும் கூட்டவில்லை. வெள்ளணு 3,100 என்றும் எழுதியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா? சீந்தில் கசாயம் கொடுக்கலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: அன்று காலை மாத்திரையை எப்போது போட்டார் என்று முதலில் கேளுங்கள். விடியற்காலை பஸ் ஏறுமுன் தேத்தண்ணியோடு விழுங்கியிருந்தால், 14.2க்கு அதுவே காரணமாக இருக்கலாம். விழுங்கி 1 முதல் 3 மணித்தியாலத்தில் மருந்து இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும். டாக்டர் பார்க்க விரும்புவது அதன் அடிமட்டத்தை. நாளுக்கு இரண்டு வேளை போடுபவருக்கு, இரவு மாத்திரை போட்டு 12 மணித்தியாலம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் இரத்தம் எடுக்க வேண்டும்.

கிளினிக்கில் 9 மணிக்கு எடுப்பார்கள் என்றால், தினமுமே காலை 9, இரவு 9 என்று வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அன்றைய காலை மாத்திரை பையில் போகட்டும். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுத்த கையோடு விழுங்கட்டும். மறந்து முன்பே போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்தப் பொய்யான ஏற்றத்தை நம்பி மருந்தைக் குறைப்பார்கள். உடம்பு புதுச் சிறுநீரகத்தோடு மல்லுக்கு நிற்கத் தொடங்கும்.

நேரம் சரியாக இருந்தும் ஏறியதென்றால் வயிற்றோட்டம், கிளரித்ரோமைசின் (கிருமிக்கொல்லி), ஃப்ளுகொனசோல் (பூஞ்சை மருந்து), ஜம்போலாப் பழம் (பம்பளிமாஸ்) ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

டக்ரோலிமஸ் அளவு மருந்தின் அளவுதான், எதிர்ப்புச் சக்தியின் அளவு அல்ல. வெள்ளணு 3,100 சற்றுக் குறைவு. மைகோஃபெனலேட், கோ-ட்ரைமொக்சசோல், வல்கன்சிக்ளோவிர் ஆகிய மருந்துகள் எல்லாமே இதைக் குறைக்கும்; சைட்டோமெகலோ வைரஸும் குறைக்கும். அதனால்தான் அந்த வைரஸுக்குத் தனியாக பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) பார்க்கிறார்கள். மொத்த எண்ணிக்கையைவிட நியூட்ரோபில் (கிருமியோடு போராடும் ஒரு வகை வெள்ளணு) எத்தனை என்று பாருங்கள். 1,000க்குக் கீழே இறங்கினால் அன்றே கிளினிக்குக்கு அறிவியுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) வெள்ளணுவை ஏற்றிக் காட்டும் என்பதால், மொத்தம் சரியாக இருந்தாலும் அசட்டையாக இருக்க முடியாது.

சீந்தில் வேண்டவே வேண்டாம். நாம் மருந்து கொடுத்து அடக்கி வைத்திருப்பதை அது தட்டி எழுப்பலாம்; ஈரலையும் கெடுத்த சம்பவங்கள் உண்டு.

காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹைட்டைத் தொட்டால் பனடோலோடு கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் கிட்டிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து அட்டையும் கடைசி இரத்த ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.