யாரைக் கேட்டு வரப்பு போட்டார்கள்?

கேள்வி: நிலவளம் காக்கும் பன்னாட்டு ஆராய்ச்சி என்றாலே ‘உள்ளூர் மக்கள் பங்கேற்புடன்’ என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். கூட்டம் போட்டு, டீ கொடுத்து, கையெழுத்து வாங்குவதைத் தாண்டி, ஊர்க்காரர்களால் ஒரு திட்டமே மாறியது எங்காவது நடந்திருக்கிறதா?
– வாசகி, தருமபுரி

பதில்: நடந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், புர்க்கினா ஃபாசோவின் வடக்கே யாத்தெங்கா என்று ஒரு வறண்ட பகுதி. அங்கே 1962 முதல் 1965 வரை ஐரோப்பிய நிதியில் பெரிய இயந்திரங்களை இறக்கி, சுமார் 1,20,000 ஹெக்டேரில் மண்வரப்பு போட்டார்கள். நிலத்துக்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாங்கள் கேட்காத வரப்பை யார் பராமரிப்பார்கள்? சில வருடங்களில் பெரும்பாலானவை சிதைந்து போயின.

அதே யாத்தெங்காவுக்கு 1979-இல் ஆக்ஸ்பாம் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு வந்தது. இவர்கள் வந்தது மரம் வளர்க்க. மழைநீர் தேங்கச் சின்னச் சின்னப் பாத்திகள் கட்டிக் கன்று நடச் சொன்னார்கள். ஜனங்களோ அந்த ஈரத்தில் தானியம் விதைத்தார்கள். பஞ்சத்தைப் பார்த்த ஊர், வயிற்றுப்பாடுதானே முதலில் வரும். ‘சொன்னதைச் செய்யவில்லை’ என்று அறிக்கை எழுதிவிட்டுத் திட்டக்காரர்கள் கிளம்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் திட்டத்தையே தானியப் பயிரின் பக்கம் திருப்பினார்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நிலத்தின் குறுக்கே கல் அடுக்கி வெள்ளத்தைத் தடுக்கும் வழக்கம் அங்கே முன்பே உண்டு. ஆனால் சரிவு மிக லேசானது என்பதால் மட்டம் கண்ணுக்குப் பிடிபடாது, கல்வரிசை கொஞ்சம் தவறினாலும் தண்ணீர் ஒரே மூலைக்கு ஓடி அங்கே உடைத்துக்கொண்டு போகும். அதற்கு வெளியிலிருந்து வந்த உதவி என்ன தெரியுமா? தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குழாய்! நம்மூர்க் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அதே டியூப் லெவல்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஓரிரு நாளில் கற்றுக்கொண்டு, தானே மட்டம் பிடித்துக் கல் அடுக்க முடிந்தது.

அதே காலத்தில் அங்கே யாகூபா சவடோகோ என்ற விவசாயி, பொறுக்குத் தட்டி இறுகிய நிலத்தில் குழி வெட்டிப் பயிர் செய்யும் பழைய ‘ஸாய்’ முறையை எடுத்து, குழியை அகலமாக்கி ஆழமாக்கி, கோடையிலேயே எரு போட்டு வைத்தார். எருவுக்குக் கரையான் வரும், அது துளைக்கிற வழியில் மழைநீர் உள்ளே இறங்கும். 1984 முதல் சந்தை நாள் போலக் கூட்டம் கூட்டி மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஆராய்ச்சியாளர்கள் அவரைத் தேடிப் போய்ப் படித்தார்கள். 2018-இல் அவருக்கு மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

கேள்வி: விவசாயிக்கே எல்லாம் தெரியும் என்றால் விஞ்ஞானி எதற்கு?
– வாசகர், சிவகங்கை

பதில்: எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது? அந்தக் குழாய் வெளியிலிருந்துதானே வந்தது. பக்கத்து நாடான நைஜரிலிருந்து 1989-இல் விவசாயிகளை யாத்தெங்காவுக்கு அழைத்துப் போய்க் குழிகளைக் காட்டியதும் ஒரு பன்னாட்டுத் திட்டம்தான். அவர்கள் ஊர் திரும்பித் தங்கள் நிலத்தில் வெட்டிப் பார்த்தார்கள், அங்கும் பரவியது.

ஆனால் ஊரைக் கேட்டோம் என்றால் ஊரில் யாரை என்றும் கேட்க வேண்டும். யாத்தெங்காவில் கல் சுமந்ததில் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கல் தூரத்தில் கிடந்தால் லாரி வேண்டும், அந்தச் செலவு யார் தலையில்? இதையெல்லாம் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் கேட்க மாட்டார்கள். நிலம் யார் பேரில் என்பது இன்னும் பெரிய சிக்கல். சவடோகோ வளர்த்த காட்டின் ஒரு பகுதியை, நகரம் விரிவடைகிறது என்று மனைகளாகப் பிரித்தார்கள். அவர் கையில் அதைத் தடுக்கும் உரிமை இல்லை.

அதனால் நாளைக்கு உங்கள் ஊருக்கு ஒரு குழு வந்தால், கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்: நாங்கள் வேண்டாம் என்று சொன்னால் இந்தத் திட்டத்தில் எதை மாற்றுவீர்கள்? அளந்த கணக்கை எங்களுக்கும் தமிழில் தருவீர்களா? மூன்று வருடத்தில் நிதி முடிந்த பிறகு வரப்பு உடைந்தால் யார் பொறுப்பு? பதில் எழுத்தில் வரட்டும், அப்புறம் டீ குடிக்கலாம்.