மெனுவோட கடைசி வரி – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் இங்கிலாந்துல லெஸ்டர்ல எம்எஸ்சி படிக்கிறேன். நீங்க முன்னாடி ஒரு கட்டுரையில பத்திரிகை அட்டையோட வந்த டெமோ டிஸ்க் (கேம்ல கொஞ்சம் மட்டும் ஆடிப் பார்க்கற சிடி) பத்தி எழுதியிருந்தீங்க. போன மாசம் ஒரு சேரிட்டி ஷாப்ல பழைய அஃபிஷியல் பிளேஸ்டேஷன் மேகஸின் டிஸ்க் ஒரு கட்டு கிடைச்சது, மூணு பவுண்டு. உங்களை நம்பி வாங்கினேன். லேப்டாப்ல எமுலேட்டர் (பழைய பிளேஸ்டேஷன் மாதிரியே வேலை செய்யற சாஃப்ட்வேர்) போட்டு ஆடியும் பார்த்துட்டேன். மெட்டல் கியர் சாலிட்: சூடு பிடிக்கிற நேரத்துல முடிஞ்சிடுது, 10க்கு 6. டோனி ஹாக்: ஒரே ஒரு குடோனுக்குள்ள ஸ்கேட்டிங், 5. கிரான் டூரிஸ்மோ: வண்டியும் கம்மி ரோடும் கம்மி, 5. ஒரு டைனோசர் டெமோ: என்ன பண்றதுன்னே புரியல, 2. எல்லாமே கொஞ்சம் ஸ்லோவா ஓடுற மாதிரி இருக்கு. மெனு கடைசியில நெட் யாரோஸேன்னு ஏதோ அமெச்சூர் கேம்ஸ் இருந்தது, அதை ஸ்கிப் பண்ணிட்டேன். மொத்தத்துல இதெல்லாம் விளம்பரம்தானே சார்? காசு கொடுத்து விளம்பரம் வாங்கியிருக்காங்களே அந்தக் காலத்துல! ஒரே ஒரு கேள்வி: நிஜ பிளேஸ்டேஷன் வாங்கி அதுல போட்டு ஆடினா வேற மாதிரி இருக்குமா? அடுத்து கேம் டிசைன் படிக்கப் போறேன்.

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கார்)

*

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை முதல்ல படிச்சப்ப சிரிச்சேன், ரெண்டாவது தடவை படிச்சப்ப கோவம் வந்தது, அப்புறம் இவன் மூணு பவுண்டு செலவு பண்ணி ஆடியும் பார்த்திருக்கானே, நான் இதைப் பத்தி எழுதினதைப் படிச்சு லைக் மட்டும் போட்டுட்டுப் போனவங்களை விட இவன் எவ்வளவோ தேவலைன்னு தோணுச்சு. அதனாலதான் பதில் எழுதறேன். இன்னொரு காரணமும் இருக்கு, பின்னாடி சொல்றேன்.

முதல்ல சின்ன விஷயங்களை முடிச்சிடுவோம். ஸ்லோவா ஓடுதுன்னு சொன்னியே, அது உன் லேப்டாப்போட குத்தம் இல்ல. அப்ப ஐரோப்பாவுல டிவி பெரும்பாலும் பால் (PAL) முறை, திரையில படம் செகண்டுக்கு 50 தடவை மாறும், ஜப்பான் அமெரிக்காவுல 60. அங்க செஞ்ச கேமை ஐரோப்பாவுக்குக் கொண்டு வரும்போது நிறைய பேர் வேகத்தைச் சரி பண்ணாம அப்படியே தள்ளிவிட்டாங்க, ஆறுல ஒரு பங்கு வேகம் போச்சு, மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வேற. அப்ப ஆடின எங்களுக்கு அதுதான் நார்மல் வேகம், வேற ஒண்ணைப் பார்த்தாத்தானே வித்தியாசம் தெரியும்.

டைனோசருக்கு 2 மார்க். அது பத்திரிகையோட வந்த டிஸ்க்கே இல்ல தம்பி, கன்சோல் வாங்கும்போது பெட்டிக்குள்ளயே வந்த டெமோ ஒன், எவனோ அந்தக் கட்டுல சேர்த்து வச்சிருக்கான். அதுல 'பண்றதுக்கு' ஒண்ணும் கிடையாது. கன்ட்ரோலரை அமுக்கினா தலையைத் திருப்பும், வாயைப் பொளக்கும், உறுமும். அவ்வளவுதான். வீட்டு டிவியில ஒரு உருவத்தை நம்ம இஷ்டத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்க முடியுதுங்கறதே அன்னைக்குப் பெரிய சமாச்சாரம். மார்க் போடறதுக்கு முன்னாடி இது எந்த வருஷத்து சரக்குன்னு ஒரு தடவை யோசிச்சிருக்கலாம்.

மெட்டல் கியர் பாதியில நிக்குதுன்னு குறை. நின்னாத்தான்யா கடைக்குப் போவ! அந்த ஹெலிபேட்ல பனியில நடந்தா உன் காலடித் தடம் விழும், காவல்காரன் அதைப் பார்த்துட்டுப் பின்னாடியே வருவான், கவனிச்சியா? கவனிச்சிருந்தா 6 போட்டிருக்க மாட்ட. சரி விடு.

இப்ப விளம்பரம் மேட்டர். ஆமாப்பா, விளம்பரம்தான், யாரு இல்லைன்னா? விளம்பரத்துக்காகவே முழு கேமை வாங்கின கதையெல்லாம் உண்டு. 1996-ல டோபால் நம்பர் ஒன்னுன்னு ஒரு சண்டை கேம், கூட ஃபைனல் ஃபேன்டஸி 7 டெமோ டிஸ்க் வருதுன்னே வாங்கினவங்க இருக்காங்க. 2001-ல ஜோன் ஆஃப் தி எண்டர்ஸ் கூட மெட்டல் கியர் சாலிட் 2 டெமோ வந்தது, அதுல கப்பல்ல முதல் பாகத்து ஹீரோ ஸ்னேக் வருவார், எல்லாரும் அவர்தான் ஹீரோன்னு நம்பி முழு கேமை வாங்கினா, கப்பல் முடிஞ்சதும் வேற ஒரு பையன் வந்து நிக்கறான். விளம்பரம் மட்டும் இல்ல, பச்சையா ஏமாத்தும் விளம்பரம். இதுல உனக்கும் எனக்கும் சண்டையே கிடையாது.

சண்டை எங்கன்னா, 'இதெல்லாம் விளம்பரம்தானே'ன்னு எழுதின பாரு, அந்த 'எல்லாம்'ல. அந்த டிஸ்க்ல விளம்பரமே இல்லாத ஒரே ஒரு இடம் இருந்தது, நீ சரியா அந்த இடத்தைத்தான் 'ஏதோ அமெச்சூர் கேம்ஸ்'னு சொல்லித் தாண்டிப் போயிருக்க. யாரோஸே கேமை ஆடிப் பிடிச்சுப் போய் கடைக்கு ஓடினா கடையில ஒண்ணும் இருக்காது. முழு கேமே அதுதான். விலை கிடையாது, பெட்டி கிடையாது. எதை விக்கறதுக்கு அது விளம்பரம், சொல்லு பார்ப்போம்?

நெட் யாரோஸேன்னா என்னன்னு தேடிக்கூடப் பார்க்கலன்னு உன் கடிதமே சொல்லுது, அதனால நானே சொல்றேன். சோனி 1996-ல ஜப்பான்லயும் அடுத்த வருஷம் ஐரோப்பா, அமெரிக்காவுலயும் கறுப்பு கலர்ல ஒரு பிளேஸ்டேஷன் வித்தாங்க. சாதா ஜனங்க வீட்டுல உக்காந்து கேம் எழுதறதுக்கு. இங்கிலாந்துல விலை 550 பவுண்டு கிட்ட, சாதா கன்சோல் அதுல கால்வாசிதான் இருக்கும். கூட ஒரு கேபிள் கொடுப்பாங்க, உன் வீட்டு கம்ப்யூட்டர்ல சி மொழியில கோடு எழுதி, மெஷினுக்குப் புரியற மாதிரி கம்பைல் பண்ணி, அந்த சீரியல் கேபிள் வழியா கறுப்புப் பெட்டிக்குள்ள அனுப்பணும். உன் கேமை சிடி போட்டு ஓட்ட வழி இல்ல. அதனால கோடு, படம், சத்தம், எல்லாமே பெட்டியோட மெமரிக்குள்ளயே அடங்கணும், மெயின் மெமரி மொத்தமே 2 எம்பி, படத்துக்குத் தனியா 1 எம்பி. நீ எனக்கு அனுப்பின மெயில்ல ஒட்டியிருந்த அந்த ஒரு ஃபோட்டோ 4 எம்பி!

இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதின கேமை யாரு ஆடறது? கறுப்புப் பெட்டி வச்சிருக்கற இன்னொருத்தர்தான் ஆட முடியும். உறுப்பினர்களுக்குன்னு தனியா ஒரு சைட், அங்க ஏத்தணும், அவங்க இறக்கிக்கணும். பத்திரிகை டிஸ்க்ல சேராத வரைக்கும் சாதா பிளேஸ்டேஷன்ல அது ஓடவே ஓடாது. வெளி உலகத்துக்குப் போக இருந்த பெரிய வாசல் இந்த அட்டை டிஸ்க்தான் தம்பி. 1999 பிப்ரவரியில மெட்டல் கியர் டெமோவோட வந்த இதழ் நாலரை லட்சம் பிரதிக்கு மேல வித்தது, எல்லா மாசமும் அப்படி இல்லதான், ஆனா அந்தப் பத்திரிகையோட வீச்சு அது. ராத்திரி சாப்பிட்டுட்டு வந்து ரூம்ல தனியா உக்காந்து ஒருத்தர் எழுதின கேம், பத்திரிகைக்காரங்களுக்குப் பிடிச்சிருந்தா, பெரிய கம்பெனி கேம் இருக்கற அதே டிஸ்க்ல, அதே மெனுவுல, அதே எக்ஸ் பட்டன் ஒரு அமுக்குல அத்தனை வீட்டுக்குள்ள போய் உக்காரும். இப்ப இருக்கற ஆன்லைன் கேம் ஸ்டோர் எதுலயாவது அப்படி நடக்குமா? நான் சொன்ன இன்னொரு காரணம் இதுதான். என் அக்கா பையன் காலேஜ்ல ஒரு கேம் பண்ணி ஸ்டோர்ல ஏத்தியிருக்கான், ஏத்தறதுக்குத் தடையே இல்ல, யாரு வேணா ஏத்தலாம், ஆனா அவன் கிளாஸ் பசங்களைத் தவிர ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. அவன்கிட்ட பேசினதுல இருந்து எனக்கு இதே நினைப்புதான், அந்த நேரம் பார்த்து உன் மெயில் வருது, 'ஸ்கிப் பண்ணிட்டேன்'னு.

1999-ல நான் லண்டன்ல கிராய்டன்ல இருந்தேன். ஒய்2கே வேலை, 2000 பிறந்தா கம்ப்யூட்டர் வருஷம் குழம்பிடும்னு பயந்த காலம். நம்ம ஊர்ல இருந்து கம்ப்யூட்டர் படிச்ச பாதி பேர் அப்ப எங்கயாவது ஒரு நாட்டுல உக்காந்து பழைய கோபோல் ப்ரோக்ராம்ல ரெண்டு இலக்க வருஷத்தை நாலு இலக்கமா மாத்திக்கிட்டு இருந்தோம். ஒரே வீட்டுல நாலு பேர், எல்லாரும் தமிழ்நாடு, விருதுநகர்க்காரர் ஒருத்தர்தான் வீட்டுக்கு நிதி மந்திரி. முழு கேம் நாப்பது பவுண்டு கிட்டன்னதும் முடியவே முடியாதுன்னுட்டார், பத்திரிகை அஞ்சு பவுண்டு, நாலு பேருக்கும் பங்கு போட்டா ஆளுக்கு ஒண்ணேகால், சரின்னார். அப்படித்தான் மாசம் ஒரு டிஸ்க் வீட்டுக்குள்ள வந்தது. டோனி ஹாக் குடோனை அந்த வீட்டுல தேய்ச்ச தேய்ப்புல, கண்ணை மூடினா எங்க சரிவு எங்க கம்பின்னு எனக்கு இன்னைக்கும் தெரியும், நீ ஒரு தடவை ஓட்டிட்டு 5 போட்டுட்ட, போகட்டும்.

ஆனா அந்த வீட்டுல உண்மையா சண்டை நடந்தது டோட்டல் சாக்கர் யாரோஸேவுக்குத்தான். மேல இருந்து பார்க்கற மாதிரி சின்னச் சின்ன ஆளுங்க, எறும்பு சைஸ். விருதுநகர்க்காரர் அதுல அடிச்ச கோலைப் பத்தி ஆபீஸ்ல எல்லாம் போய்ப் பேசுவார், இங்கிலீஷ்காரங்க பாவம் ஏதோ நிஜ மேட்ச்னு நினைச்சுக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. மாசக்கணக்கா ஆடின அப்புறம்தான் ஒரு நாள் பத்திரிகையில அந்தப் பக்கத்தைப் படிக்கறேன், இது ஒரு தனி ஆள் எழுதினதுன்னு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. ஏன்னா சி எனக்கும் தெரியும்! நான் பகல் பூரா எவனோ 1970-கள்ல எழுதின கோடுக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு இருக்கேன், அதே நாட்டுல ஒருத்தர் தனியா இதை எழுதி நாலு தமிழங்களை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அடிச்சுக்க வச்சிருக்கார். கறுப்புப் பெட்டி வாங்கணும்னு பணம் ஒதுக்க ஆரம்பிச்சேன், தங்கச்சி கல்யாணம் வந்தது, பணம் ஊருக்குப் போச்சு. கல்யாணம் நல்லா நடந்தது. அது வேற கதை.

நான் திட்டறது எதுக்குன்னா, நீ கேம் டிசைன் படிக்கப் போறேன்னு மெயில் அடியில எழுதியிருக்க. மெட்டல் கியரை ஆடி நீ என்ன கத்துக்குவ? அதுக்குப் பின்னாடி பெரிய டீம், பணம், நேரம், அதுல எதுவும் உன்கிட்ட இல்ல, இன்னும் பத்து வருஷத்துக்கு இருக்கப் போறதும் இல்ல. உன் நிலைமையில இருந்தவங்க செஞ்சது அந்தக் கடைசி வரியில இருக்கு. டைம் ஸ்லிப்னு ஒண்ணு, ஹீரோ ஒரு நத்தை. கொஞ்ச நேரம் போனா காலம் பின்னாடி போய்டும், ஆனா முன்னாடி நீ நடந்த நடையை நடந்துக்கிட்டு பழைய நீயும் அங்கயே சுத்திக்கிட்டு இருப்ப, அந்தப் பழைய உன்னைத் தொட்டுடக் கூடாது. 2 எம்பிக்குள்ள பெரிய உலகம் கட்ட இடம் இல்ல, அதனால ஒரே சின்ன இடத்தைத் திரும்பத் திரும்ப உபயோகிக்க வச்சுட்டாங்கன்னு நான் நினைக்கறேன், இது என் ஊகம்தான், எழுதினவரைக் கேட்டாத்தான் தெரியும். பிளிட்டர் பாய்னு ஒண்ணு இருக்கு, ஷாப்பிங் மால்ல பேய் பிசாசுகிட்ட இருந்து குழந்தைங்களைக் காப்பாத்தணும், பழைய ஆர்கேட் ருசி. ஜப்பான்ல இருந்து டெர்ரா இன்காக்னிட்டான்னு ஒண்ணு, வாளும் சாகசமுமா முழு முப்பரிமாணத்துல, இதை வீட்டுல உக்காந்து பண்ணினாங்களான்னு வாயைப் பொளப்ப. இதுக்கெல்லாம் மார்க் போடறதா இருந்தா எனக்கு அனுப்பாத, நீயே வச்சுக்க.

எல்லாமே தங்கம்னு சொல்லல, பாதிக்குப் பாதி குப்பைதான், ஒரு பந்து ஒரு மட்டை, ஒரு விண்கலம் நாலு கல்லு, இந்த ரகம் நிறைய. ஆனா அந்தக் குப்பையில கூட ஒரு ஆள் தெரிவான். இது அவனுக்குப் பிடிச்ச பாட்டு, இது அவனுக்கு வரையத் தெரியாத கை, இந்த இடத்துல அவனுக்குப் பொறுமை போயிருக்குன்னு தெரியும். 2004-ல அந்தப் பத்திரிகை 108-வது இதழோட நின்னுச்சு, கடைசி டிஸ்க்ல யாரோஸே கேம்ஸாத் தேடிச் சேர்த்துக் கொடுத்துட்டுத்தான் போனாங்க. உன் கட்டுல 108 இருக்கான்னு பாரு. இருந்தா அதை மட்டும் யாருக்கும் கொடுத்துடாத.

நிஜ பிளேஸ்டேஷன் வாங்கணுமான்னு கேட்டிருந்தியே. வேண்டாம், எமுலேட்டரே போதும், அந்தக் காசுக்கு ஒழுங்கா ரெண்டு கன்ட்ரோலர் வாங்கு. ரெண்டு முக்கியம், டோட்டல் சாக்கரைத் தனியா ஆடினா ஒண்ணும் புரியாது, ரூம்மேட் யாரையாவது பிடிச்சு உக்கார வை. நத்தையை எதுவரைக்கும் கொண்டு போனன்னு அடுத்த கடிதத்துல எழுது. மெட்டல் கியர் பத்தி ஒரு வரி இருந்தாலும் பதில் போட மாட்டேன்.