குக்கர்ல கோழிச் சோறு ஏன் கஞ்சியாவுது?

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருக்கேன், ஈப்போவுல ஃபேக்டரி வேலை, பஸ் இறக்கி விடும்போதே மணி ஏழு ஆயிடும். செருப்பக் கழட்டுறதுக்குள்ள பிள்ளைங்க ரெண்டும் பசி பசின்னு காலச் சுத்துதுங்க. சோறு தனி கறி தனின்னு ஆக்க முடியாம ப்ரஷர் குக்கர்ல கோழியும் அரிசியும் ஒண்ணா போட்டேன். 3 கப் பாஸ்மதி, 6 கப் தண்ணி, 1 கிலோ கோழி, 3 விசில். தொறந்தா மேல கஞ்சி, அடியில கரி, கோழி எலும்ப விட்டுக் கழண்டு கெடக்கு. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, ஆனா கிச்சாப் ஊத்தி ஊத்தி சாப்பிட்டாரு. எங்க தப்பு பண்றேன்?

பதில்: கிச்சாப் போத்தல் மேசைக்கு வந்திருச்சுன்னா தீர்ப்பு வந்திருச்சுன்னு அர்த்தம் தங்கச்சி, எங்க வீட்லயும் அதான்.

தப்பு தண்ணியில. ஒண்ணுக்கு ரெண்டுங்கறது தொறந்த சட்டிக் கணக்கு, அங்க ஆவியாவே நெறைய தண்ணி போயிரும். குக்கர்ல மூடி இறுகிட்டா விசில் அடிக்கிற நேரம் தவிர ஆவிக்கு வெளிய போக வழி இல்ல, ஊத்துனத பூராவும் அரிசிதான் குடிச்சாகணும். அது போதாதுன்னு கோழி தண்ணி விடும், தக்காளி விடும், தயிர் போட்டா அதுவும் விடும், நீங்க 6 கப் ஊத்துனதா நெனைக்கிறீங்க, உள்ள 7 கிட்ட இருந்திருக்கும் லா.

அப்பறம் எந்த கப்புன்னு நீங்க சொல்லல. ரைஸ் குக்கரோட வர்ற பிளாஸ்டிக் கப் 180 மில்லி, கேக் செய்ய வாங்குற கப் 250 மில்லி. அரிசிய சின்னதுல அளந்து தண்ணிய பெருசுல அளந்தா அன்னிக்கும் கஞ்சிதான். எதுவா இருந்தாலும் ரெண்டுக்கும் ஒரே கப்.

நான் செய்றத சொல்றேன். வீட்டுக்குள்ள நொழைஞ்ச உடனே, மூஞ்சி கழுவறதுக்கு முன்னாடியே, 3 கப் பாஸ்மதியக் கழுவி ஊறப் போட்டுருவேன், 20 நிமிஷம் போதும், பிறகு தண்ணிய சுத்தமா வடிச்சுடணும். குக்கர்ல எண்ணெய், பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஒரு பண்டான் இலைய முடிச்சுப் போட்டு வாசம் வந்ததும் பெரிய வெங்காயம் ரெண்டு, நல்லா செவக்கணும், இதுல மட்டும் அவசரப்படாதீங்க, சோத்துக்கு நெறமும் ருசியும் இந்த வெங்காயத்துலதான் இருக்கு. இஞ்சி பூண்டு, ஒரு தக்காளி, பச்ச மிளகா, கோழிக்கறித் தூள் ரெண்டு கரண்டி, உப்பு. கோழி முக்கா கிலோ போதும், எலும்போட தொடைக்கறியா வெட்டச் சொல்லுங்க, நெஞ்சுக்கறி சக்க மாதிரி வறண்டு போவும். மூடாம 7 நிமிஷம் பெரட்டுங்க, அதுலயே கோழி தண்ணி விட்டு நிக்கும்.

இப்பதான் விஷயமே. அந்த நிக்கிற சாறு முழுசையும் கரண்டியால மொண்டு அதே கப்புல அளந்து பாருங்க. 1 கப் வந்தா மேல 3 கப் தண்ணி, ஒண்ணரை வந்தா ரெண்டரை, மொத்தம் 4 கப்ப தாண்டக் கூடாது. சாறயும் தண்ணியயும் ஊத்திட்டு ஆப்பையால அடிய நல்லா சொரண்டி விடுங்க, அடிப்பிடிச்ச மசாலா அங்கயே உக்காந்திருந்தா அதுதான் கரியாவும். தண்ணிய நாக்குல வெச்சுப் பாருங்க, உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தா சோத்துக்கு சரியா இருக்கும். அரிசிய மேலாக்க பரப்பி விடுங்க, கிண்டாதீங்க. குக்கர்ல பாதிக்கு மேல போவக் கூடாது, அரிசி பொங்கும், நொரை மேல ஏறி ஆவிக் கொழாய அடைச்சுரும்.

பெரிய தீயில மொத விசில், உடனே சின்னத் தீ, கடிகாரம் பார்த்து 5 நிமிஷம், அடுப்ப அணைச்சுட்டு 10 நிமிஷம் அதுங்கிட்டயே போவாதீங்க. விசில எண்ணி சமைக்கிறது எனக்கு என்னிக்குமே புடிக்காது, தீ பெருசா இருந்தா மூணு நாலு நிமிஷத்துல மூணு விசில் வந்துரும், சின்னதா இருந்தா கால் மணி நேரம் ஆவும், ரெண்டும் ஒண்ணா சொல்லுங்க? உள்ள சூடு 120 டிகிரி கிட்ட ஏறி நிக்குது, அணைச்ச பிறகும் அதுபாட்டுக்கு வெந்துகிட்டுதான் இருக்கும். ஒரு தடவ நான் பொறுக்காம கரண்டிய வெச்சு வெயிட்டத் தூக்கி ஆவிய விட்டேன், மஞ்ச மஞ்சளா நொரை பீறிட்டு சீலிங்ல அடிச்சுது, அயர்ன் பண்ணித் தொங்க விட்டிருந்த ஸ்கூல் சட்டைலயும் போயி ஒக்காந்துச்சு. சோறும் ஒடைஞ்சு போச்சு.

பாஸ்மதி இல்லாம உள்ளூர் அரிசியா இருந்தா ஊறப் போட வேணாம், சாறோட சேத்து 4½ கப். கொஞ்சம் ஒட்டும், ஆனா எனக்கு அதுதான் புடிக்கும், மறுநாள் காலைல பசியாற நெத்திலி சம்பலோட வெச்சு சாப்பிட்டுப் பாருங்க. கம்பத்துக் கோழி, அதான் நாட்டுக் கோழின்னா இந்தக் கணக்கு ஆவாது, அத மட்டும் தனியா வேக வெச்சு எடுத்துட்டு அந்தத் தண்ணியில சோறு ஆக்குங்க.

கேள்வி: இதே சோத்துக்கு சந்தான், அதான் தேங்காப் பால் ஊத்தலாமா? (பீடோர் வாசகி)

பதில்: ஊத்தலாம், ஆனா கெட்டிப் பாலா ஊத்துனா திரிஞ்சு போயி அடிப்பிடிக்கும். 4 கப்புல 1 கப் மட்டும் பாலு, அதுவும் தண்ணி கலந்தது.

கேள்வி: விசிலே வரமாட்டேங்குது, மூடி ஓரமா ஆவி ஒழுவுது. ரப்பர நூல் சுத்தி போடலாம்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்றாங்க. (தாப்பா வாசகி)

பதில்: ஆன்ட்டிய நல்ல மனசுக்காரங்கன்னு நெனச்சுட்டு அந்த யோசனைய விட்டுருங்க. அடுப்ப அணைச்சு, ஆற விட்டு, மூடியக் கழட்டி ரப்பரக் கழுவுங்க, சில நேரம் ஒரு பருக்கை ஓரத்துல ஒட்டியிருந்தாலே போதும் ஒழுவறதுக்கு. இளகிப் போயிருந்தா ஐஸ்பெட்டியில 10 நிமிஷம் வெச்சுப் போட்டா அன்னிக்கு ஒரு நாள் ஓட்டலாம். வெடிப்பு தெரிஞ்சா புதுசு வாங்கணும், அதே குக்கருக்கு உள்ளது, அதே சைஸ். அப்பறம் வெயிட்டு உக்கார்ற கொழாய வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, அந்தப் பக்கம் தெரியலன்னா விளக்குமாத்து ஈர்க்குச்சிய விட்டு குத்துங்க. மூடியில இன்னொரு சின்ன வால்வு இருக்கும், அதுல மட்டும் கைவேலை எதுவும் காட்டாதீங்க. 1679ல டெனி பாப்பான்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர் எலும்ப மெத்துன்னு வேக வைக்கவே இந்த மாதிரி பாத்திரம் செஞ்சாரு, சேஃப்டி வால்வும் அவர் யோசனைதான், ஆவி பொல்லாததுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.

கேள்வி: வீட்டுக்காரருக்கு செம்பனை மில்லுல ஷிப்டு, ராத்திரி 12க்கு மேலதான் வருவாரு. ஏழரைக்கு ஆக்குன சோத்த குக்கர்லயே மூடி வெச்சா சூடா இருக்கும்ல? (லிந்தாங் வாசகி)

பதில்: சூடா இருக்காது, வெதுவெதுன்னு இருக்கும், அதுதான் மோசம். சோத்துல இருக்கிற பேசில்லஸ் சீரியஸ்ங்கற கிருமியோட வித்து வேக வெச்சாலும் சாவாது, வெதுவெதுப்புல மணிக்கணக்கா கெடந்தா பெருகி விஷத்த விட்டுரும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போறதில்ல. நீங்க சாப்பிட்ட உடனே அவர் பங்க அகலமான தட்டுல பரப்பி ஆற விட்டு, 2 மணி நேரத்துக்குள்ள ஐஸ்பெட்டியில வெச்சுருங்க. அவர் மோட்டார் சத்தம் கேட்டதும் ரெண்டு கரண்டி தண்ணி தெளிச்சு ஆவி பறக்க சூடு பண்ணிக் குடுங்க, கோழித் துண்டு உள்ள வரைக்கும் சூடா இருக்கான்னு ஒண்ண பிச்சுப் பாருங்க.