இரண்டாவது பி.இ.

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்காவில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் மழைநீர் வடிகால் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 36, இரண்டு குழந்தைகள். ஊரில் சிவில் படித்தபோது வகுப்பில் முதல் மூன்று ரேங்குக்குக் கீழே இறங்கியதே இல்லை. இங்கே வந்து எஃப்.இ. என்ற முதற்படித் தேர்வையும் முதல் முறையிலேயே முடித்தேன். ஆனால் பி.இ. (புரொஃபஷனல் எஞ்சினியர்) உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன்.

ஒவ்வொரு முறையும் ஆறு மாதம், குழந்தைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தேன். ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். அப்படியும் இரண்டு தடவையும் நேரம் போதாமல் கடைசிப் பதினைந்து கேள்விகளைக் குத்துமதிப்பாகத்தான் போட்டேன். மேலாளர் அன்பாகத்தான் விசாரிக்கிறார், எனக்குத்தான் கூசுகிறது. உரிமம் இல்லாமலே நன்றாக இருப்பவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். மூன்றாவது முறை எழுதவா, விட்டுவிடவா? அம்மாவோ ஃபோனில், “பி.இ. முடிச்சுதானே அங்கே போனே, மறுபடியும் என்னடி பி.இ.?” என்கிறார். அவருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது என்றும் தெரியவில்லை. பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எழுதுங்கள். ஆனால் போன இரண்டு முறை படித்ததுபோல் படிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி “ஃபார்முலா எல்லாம் மனப்பாடம்” என்பதுதான். ஃபார்முலாக்களை அவர்களே திரையில் தருகிறார்கள். தருவதை மனப்பாடம் செய்ய ஆறு மாத இரவுகளைச் செலவழித்திருக்கிறீர்கள்.

நானும் முதல் முறை தோற்றவன்தான். அப்போது காகிதத் தேர்வு. எந்தப் புத்தகத்தையும் கொண்டுபோகலாம் என்பதால், விமான நிலையத்துக்குப் போகிறவன் மாதிரி சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டு ஒட்டியிருந்தேன். காலையில் ஒரு தாங்குசுவர்க் கணக்கில் இருபத்தைந்து நிமிடம் போனது. என் விடை அவர்கள் கொடுத்த நான்கு விடைகளில் எதோடும் ஒட்டவில்லை, எனக்கு விட மனசில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி அழகாக எழுதிப் போட்டேன். யாருக்காக எழுதினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தத் தாளை யாரும் திருத்தப் போவதில்லை.

ஊரில் நாம் வளர்ந்தது ஸ்டெப் மார்க்கில். விடை தப்பானாலும், கொடுக்கப்பட்டது இது, சூத்திரம் இது, பிரதியிட்டது இது என்று வரிசையாக எழுதினால் பாதிக்கு மேல் மார்க் விழும். பதினாறு வருடம் கைக்குப் பழக்கிய வேலை அது. பி.இ. தேர்வில் ஸ்டெப் மார்க் கிடையாது. தப்புக்கு மார்க் குறைப்பதும் கிடையாது. 80 கேள்வி, 8 மணி நேரம், சராசரியாகக் கேள்விக்கு 6 நிமிடம். ரேங்க் வாங்கியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது என் அனுபவம். ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு நகர்வது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

உங்கள் துறையிலிருந்தே ஒரு கணக்கு. செவ்வக கான்கிரீட் வாய்க்கால், அகலம் 10 அடி, நீரின் ஆழம் 4 அடி, சரிவு 0.001, சொரசொரப்பு எண் 0.013. விநாடிக்கு எத்தனை கன அடி ஓடும்? விடைகள் 166, 184, 247, 365 என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 247. மற்ற மூன்றும் சும்மா போட்ட எண்கள் இல்லை. வாய்க்கால் ஓட்டத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் அடிக்கணக்குக்கு வரும் 1.49 என்ற பெருக்கியை மறந்தால் 166. நனைந்த சுற்றளவில் (நீர் தொடும் அடியும் இரு பக்கச் சுவர்களும்) மேல்பரப்பையும் சேர்த்துவிட்டால் 184. நீரியல் ஆரத்துக்கு (பரப்பை நனைந்த சுற்றளவால் வகுத்தது) பதிலாக ஆழத்தையே போட்டால் 365. எந்தத் தப்பைச் செய்தாலும் அதற்கென்று ஒரு விடை காத்திருக்கும். உங்கள் விடை அங்கே இருக்கிறது என்பதாலேயே அது சரி என்று ஆகாது.

நீங்கள் 166-ஐத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். கல்லூரியில் மீட்டரில் படித்தோம், அங்கே அந்தப் பெருக்கி வெறும் 1. இங்கே அலுவலகத்தில் மென்பொருள் உள்ளுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் 1.49 உங்கள் கண்ணில் படாமலே வருடங்கள் ஓடியிருக்கும். (அணைக்கு நீர்வரத்து எத்தனை கன அடி என்று செய்தியில் கேட்டே வளர்ந்தோம், கல்லூரிக்குள் நுழைந்ததும் அதைத் தலைமுழுகச் சொல்லிவிட்டார்கள்!) எனவே முதல் மூன்று வாரம் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். ஒரு கன அடி என்பது 7.48 கேலன், ஒரு கன அடி நீர் 62.4 பவுண்ட், நாளைக்கு ஒரு மில்லியன் கேலன் என்றால் விநாடிக்கு 1.547 கன அடி. இந்த மாதிரிச் சங்கதிகள் யோசிக்காமல் விரலுக்கு வர வேண்டும். மனப்பாடம் செய்துதான் தீருவேன் என்றால் இவற்றைச் செய்யுங்கள்.

அடுத்தது கையேடு. தேர்வை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். தளத்தில் கணக்குத் தொடங்கினால் சிவில் கையேட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேர்வறையில் திரையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் அதே கையேடு. வீட்டில் வேறு எந்தப் புத்தகத்தைத் திறந்து கணக்குப் போட்டாலும் அது பயிற்சி ஆகாது. அச்செடுத்தும் படிக்காதீர்கள், திரையிலேயே சொல் கொடுத்துத் தேடிப் பழகுங்கள். இதில் நமக்கென்று ஒரு தனி வில்லங்கம் உண்டு. நாம் பிட்டுமென் என்று படித்தது இவர்களுக்கு அஸ்ஃபால்ட். நமக்கு ஸீவேஜ், இவர்களுக்குப் பெரும்பாலும் வேஸ்ட்வாட்டர். சாலையோரக் கெர்ப் என்பதற்கு ஆங்கிலத்தில் எழுத்தே வேறு (நமக்கு kerb, இவர்களுக்கு curb). எங்கள் அலுவலகத்தில் இந்தக் கணினித் தேர்வை எழுதிய ஒரு பையன், நமக்குப் பழகிய பெயரில் ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்து, கையேட்டிலேயே இல்லை என்று முடிவுகட்டிவிட்டான். வெளியே வந்த பிறகுதான் அது வேறு பெயரில் இருந்தது தெரிந்தது. நோட்டில் இரண்டு பத்தி போட்டு நம் சொல், இவர்கள் சொல் என்று எழுதிவாருங்கள். முப்பது நாற்பது சொல் சேர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

கால்குலேட்டர் பற்றிக் கவலை வேண்டாம். கல்லூரியில் எல்லோர் கையிலும் இருந்த காசியோ 991 வரிசை இங்கேயும் அனுமதிதான். எழுதிப் பார்க்கப் பேனாவும் தாளும் தர மாட்டார்கள், அழித்து எழுதும் குறிப்பேடும் ஒரு மார்க்கரும்தான். மார்க்கரின் தடித்த எழுத்தில் கணக்குப் போடுவது முதலில் எரிச்சலாக இருக்கும். வீட்டிலும் அப்படியே போட்டுப் பழகுங்கள்.

நேரத்துக்கு வருவோம். முதல் சுற்றில், படித்ததும் வழி தெரிகிற கேள்விகளை மட்டும் போடுங்கள். மற்றவற்றுக்கு, பிறகு திரும்பி வர அடையாளமாகத் திரையில் கொடி போட்டுவிட்டு நகருங்கள். ஆனால் முதல் பாதியை முடித்து இடைவேளைக்குப் போய்விட்டால் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது, அதற்கு முன்பே கொடிகளைப் பார்த்துவிட வேண்டும். முதல் பாதியில் எவ்வளவு நேரம் தின்கிறீர்களோ அவ்வளவும் இரண்டாம் பாதியிலிருந்து கழியும். உங்கள் கடைசிப் பதினைந்து கேள்விகள் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

தோற்றபோது அனுப்பிய பகுப்பாய்வு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பகுதிவாரியாக உங்கள் நிலை என்ன, தேறியவர்களின் சராசரி என்ன என்று அதில் இருக்கும். சராசரியைக் கொஞ்சம் போல் தவறவிட்ட பகுதிகளில்தான் முதலில் உழைக்க வேண்டும். பாதாளத்தில் கிடப்பதைத் தூக்கி நிறுத்த நாள் பிடிக்கும். 12 மாதத்தில் அதிகபட்சம் மூன்று முறைதான் எழுதலாம் என்பதையும் உரிமம் தரும் உங்கள் மாநில வாரியத்தின் விதியையும் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

சரி, விட்டுவிடலாமா என்ற கேள்வி. சம்பளக் கணக்கு மட்டும் பார்த்தால் விட்டுவிடலாம்தான். உரிமம் இல்லாமலே நன்றாக இருப்பவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்களே. ஆனால் நீங்கள் நீர்ப் பொறியாளர் என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்த நாட்டில் பொறியாளருக்கு உரிமம் என்ற சட்டம் முதலில் வந்தது 1907-ல், வயோமிங் மாநிலத்தில். தண்ணீர் உரிமைக்கான வரைபடங்களில் வக்கீல்களும் நோட்டரிகளும் பொறியாளர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தத்தான். 1928 மார்ச் 12 அன்று கலிஃபோர்னியாவில் செயின்ட் ஃபிரான்சிஸ் அணையில் கலங்கல் நீர் கசிகிறது என்று அணைக் காவலாளி தகவல் சொல்ல, அதைக் கட்டிய முல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்தார். பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்தது, 400 பேருக்கு மேல் போனார்கள். அவர் பட்டம் பெறாமல் தானாகக் கற்றவர், பெரிய திறமைசாலி. அவர் முடிவைச் சரிபார்க்க மேலே யாரும் இல்லை. மறுவருடமே கலிஃபோர்னியாவில் சிவில் பொறியாளர் பதிவுச் சட்டம் வந்தது.

உங்கள் வடிகால் வரைபடத்தில் இப்போது உரிமம் உள்ள வேறொருவர் கையெழுத்திட்டு முத்திரை குத்துகிறார். அந்தக் கணக்கை உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியுமா? தெரியும் என்றால் நிம்மதியாக விட்டுவிடுங்கள். எனக்கு அந்த இடம்தான் பொறுக்கவில்லை, அதனால்தான் இரண்டாம் முறை போனேன்.

அம்மாவிடம் என்ன சொல்வதென்று கேட்டிருந்தீர்கள். தமிழில் எழுதினால் இரண்டும் பி.இ.தான், அவர் மேல் தப்பில்லை. முதல் பி.இ. படித்ததற்கு, இரண்டாவது பி.இ. கையெழுத்துப் போடுவதற்கு என்று நான் என் அம்மாவுக்கு விளக்கினேன். “அப்போ இத்தனை வருஷமா கையெழுத்துப் போடாமலேயா சம்பளம் வாங்கினே?” என்று கேட்டார்.