துறைமுக வாசலில் நிற்கும் வண்டி: வாசகர் கேள்வி – பதில்

சென்னைத் துறைமுகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கிடங்குகள், தொழிற்சாலைகளுக்கும் இடையே ஓடும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால், எல்லாக் கடிதங்களும் ஊர்ப் பெயருடன் மட்டுமே இடம்பெறுகின்றன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: இயந்திர உதிரி பாகங்களை இறக்குமதி செய்கிறேன். துறைமுகத்திலிருந்து என் தொழிற்சாலை இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். பெங்களூருக்குச் சரக்கு அனுப்பும் வாடகையைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், இந்தக் குறுகிய ஓட்டத்துக்குப் பல மடங்கு கேட்கிறார்கள். இது நியாயமா?

பதில்: கிலோமீட்டர்க் கணக்கு நெடுந்தூர லாரிக்குப் பொருந்தும். அங்கே டீசலும் சுங்கச்சாவடிக் கட்டணமும் பெரிய செலவு. வண்டி ஓட ஓடச் செலவும் ஏறும், வரவும் ஏறும். துறைமுக வண்டியின் பொழுது அப்படி ஓட்டத்தில் கழிவதில்லை. உங்கள் பெட்டி (கன்டெய்னர்) ஒன்றை எடுத்து வர, ஒரு டிரெய்லர் துறைமுக வாசல் வரிசையில் நின்று, ஆவணம் சரிபார்க்கப்பட்டு உள்ளே நுழைந்து, யார்டில் கிரேன் வரும்வரை காத்திருந்து, பெட்டியை ஏற்றிக்கொண்டு வெளிவாசலில் மறுபடி நின்று, கனரக வண்டிகளை நகருக்குள் விடும் நேரம் பார்த்து அம்பத்தூர் வந்து, நீங்கள் சரக்கை இறக்கி முடிக்கும்வரை உங்கள் வாசலில் நின்று, காலிப் பெட்டியைக் கப்பல் நிறுவனம் சொல்லும் யார்டில் ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகே அடுத்த வேலைக்குப் போக முடியும்.

கடன் தவணை, காப்பீடு, சாலை வரி, தகுதிச் சான்றுச் செலவு ஆகியவை வண்டி நின்றாலும் ஓடினாலும் நாள்தோறும் ஏறுகின்றன. ஒரு பேச்சுக்கு இவை நாளொன்றுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் மூன்று நடை போகும் வண்டியில் ஒரு நடையின் தலையில் 2,000 ரூபாய் விழும். ஒரு நடையோடு நாள் முடிந்தால் 6,000 ரூபாயும் அந்த ஒரு பெட்டியின் மேல் விழும். இரண்டு நாளுக்கு ஒரு நடை என்றால் 12,000. டீசல் மூன்று கணக்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்களிடம் கேட்கப்படும் வாடகையில் தூரத்தின் விலை சிறிது, காத்திருப்பின் விலை பெரிது. அது நியாயமா என்றால், வண்டிக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

பேரம் பேசுவதைவிடக் காத்திருப்பைக் குறைப்பதில்தான் உங்களுக்கு லாபம். கப்பல் வருவதற்கு முன்பே இறக்குமதி ஆவணத்தைச் சுங்கத் துறையில் தாக்கல் செய்யுங்கள். தீர்வை கட்டி முடிக்காமல் வண்டியை அழைக்காதீர்கள். சுங்க அனுமதிக்காகப் பெட்டிகளை வைக்கும் சரக்கு நிலையத்துக்குப் போகாமல் துறைமுகத்திலிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் பெட்டியை எடுத்துச் செல்லும் நேரடி விநியோக வசதி உங்களுக்குப் பொருந்துமா என்று சுங்க வேலைகளைப் பார்த்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு வண்டி வந்தால் காலையில் ஆள் வரும்வரை நிறுத்தி வைக்கும் வழக்கம் பல தொழிற்பேட்டைகளில் இருக்கிறது. இரண்டு பேரை இரவில் நிறுத்தி இறக்கிக்கொள்வது, அடுத்த முறை வாடகை பேசும்போது கைகொடுக்கும்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி: ஐயா, என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவெல்லாம் வரிசையில் நின்றதாகச் சொல்லிக்கொண்டு விடிந்த பிறகு வீடு வருகிறார். சாலையை அகலப்படுத்தியும் இந்த நெரிசல் ஏன் தீரவில்லை? நின்ற நேரத்துக்கு அவருக்குக் கூலி உண்டா?

பதில்: சகோதரி, சென்னைத் துறைமுகம் கன்டெய்னருக்காகக் கட்டப்பட்டதன்று. கிழக்கே கடலும் மேற்கே ராஜாஜி சாலையும் ஜார்ஜ் டவுனும் நெருக்க, நடுவில் சிக்கிய பழைய துறைமுகம் அது. 1983இல் இங்கே கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2001இல் அது தனியார் கைக்குப் போயிற்று. 2009இல் இரண்டாவது முனையமும் வந்தது. முனையங்கள் இரண்டானாலும் வண்டிகள் வந்து சேரும் பாதை பெரும்பாலும் ராயபுரம், காசிமேடு பக்கமுள்ள வடக்கு வாசல்தான். எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் அந்த வடபகுதிச் சாலைகளை அகலப்படுத்த எடுக்கப்பட்டது. கரையோர மீனவக் குடும்பங்களுக்கு மாற்று வீடு தருவதிலிருந்து பல சிக்கல்களால் அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மதுரவாயலிலிருந்து துறைமுகம் வரையிலான மேம்பாலச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்தின் நீரோட்டத்தைக் காரணம் காட்டி 2012இல் பணி நிறுத்தப்பட்டது. இப்போது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீள ஈரடுக்குப் பாலமாக அதை மாற்றி, 2022இல் மீண்டும் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பாதி கட்டிய தூண்கள் கூவத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றதை இந்நகரத்தார் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் சாலை அகலமானால் வரிசையும் அகலமாகுமே தவிர, வாசல் அகலமாகாது. ஒரு கப்பலுக்கான ஏற்றுமதிப் பெட்டிகள் இந்த நேரத்துக்குள் உள்ளே வந்தாக வேண்டும் என்று கெடு வைக்கிறார்கள். கிடங்கில் நிரப்புவது, சுங்க அனுமதி, முத்திரை எல்லாம் முடிந்து பெட்டிகள் புறப்படுவது அந்தக் கெடுவுக்குச் சற்று முன்புதான். பகலில் நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் எல்லோரும் ஒரே இரவு நேரத்தில் வந்து சேருகிறார்கள். முன்னால் நிற்பவரிடம் ஒரு தாள் குறைந்தால் பின்னால் நிற்பவர்களும் சேர்ந்து நிற்கிறார்கள். பளுவில் ஒரு பகுதி காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் பிரிந்த பிறகும் இந்த ஒழுங்கின்மை மாறவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களிலும் இதே நோய் இருந்தது. 2005இல் அங்குள்ள முனையங்கள் பகல் நேரப் பெட்டிகளுக்குத் தனிக் கட்டணம் வைத்து வண்டிகளை இரவுக்குத் தள்ளின. இரவு நேரம் தொடங்கும்வரை வாசலுக்கு வெளியே வண்டிகள் குவிந்ததால், 2018இல் அதை மாற்றி, எந்நேரமும் ஒரே கட்டணம், முன்பதிவு செய்த நேரத்தில் வருகை என்று வைத்துக்கொண்டன. இங்கும் தீர்வு அந்தத் திசையில்தான் இருக்க முடியும். வாசலுக்கு அருகே கழிப்பறையும் குடிநீரும் உள்ள நிறுத்துமிடம் ஒன்றும், வண்டிக்கு வண்டி நேரம் ஒதுக்கும் ஏற்பாடும் இல்லாமல் எத்தனை பாலம் கட்டினாலும் உங்கள் கணவர் நடுச்சாலையில்தான் நிற்பார்.

கூலிக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்று படி தருகிறார்கள். ஆகவே நிற்கும் நேரம் ஓட்டுநரின் கணக்கில் வருவதே இல்லை. முதலாளிக்குப் பாதி நஷ்டம், ஓட்டுநருக்கு முழு நஷ்டம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, இடையில் அரை மணி ஓய்வு என்று பொது அளவு வகுத்தது. ஆனால் அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே பொருந்துவதாக இருந்தது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் நிறைந்த தொழிலில் அந்த அளவு யாரைப் பாதுகாத்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். 2020இல் இயற்றப்பட்ட தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் 8 மணி நேர வரம்பு இருக்கிறது. நடைமுறையில் உங்கள் கணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டி நின்றதற்காக முதலாளி சரக்குக்காரரிடம் ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) வசூலிக்கிறார் என்றால், அதில் தமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று வேலையில் சேரும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர்: டெமரேஜ், டிடென்ஷன், கிரவுண்ட் ரென்ட், ஹால்டிங் என்று நான்கு பெயரில் பில் வருகிறது. ஒரே தாமதத்துக்கு நான்கு முறை பணம் கட்டுகிறேனா?

பதில்: நான்கு முறை இல்லை, ஆனால் சில சமயம் மூன்று முறை, ஏனெனில் தாமதம் ஒன்றானாலும் நீங்கள் பிடித்து வைத்திருப்பது வெவ்வேறு ஆட்களின் உடைமை. துறைமுகத்திலோ சரக்கு நிலையத்திலோ இலவச நாட்களுக்கு மேல் பெட்டி தங்கினால், இடத்துக்கு உரியவர் வாங்குவது கிரவுண்ட் ரென்ட். அதையே டெமரேஜ் என்றும் பலர் சொல்கிறார்கள். பெட்டி கப்பல் நிறுவனத்தினுடையது. காலி செய்து திருப்பித் தர நாள் கடந்தால் அவர்கள் வாங்குவது டிடென்ஷன். வண்டி நின்றதற்கு லாரிக்காரர் வாங்குவது ஹால்டிங். இந்த மூன்றில் மிகச் சிறிய தொகை பெரும்பாலும் ஹால்டிங்தான். ஆனால் மிக அதிகமாகச் சண்டை நடப்பதும் அதற்காகத்தான். கப்பல் நிறுவனத்தின் டாலர் கணக்கை மறுபேச்சின்றிக் கட்டுபவர்கள் லாரிக்காரரின் ஆயிரம் ரூபாயில் வாதம் செய்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சுங்கத் துறையே தடுத்து வைத்த சரக்குக்கு வாடகையோ டெமரேஜோ வாங்கக் கூடாது என்று சுங்கப் பகுதிகளில் சரக்குக் கையாள்வது குறித்த 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சரக்கு நிலையங்களைக் கட்டுப்படுத்துகின்றன. அத்தகைய தாமதமாக இருந்தால், தடுத்து வைத்த நாட்களைக் குறிப்பிட்டுச் சுங்க அதிகாரியிடம் சான்று பெற்று, அதைக் காட்டித் தள்ளுபடி கேளுங்கள்.

மாதவரத்திலிருந்து ஒரு வாசகர்: இருபது அடிப் பெட்டியில் கிரானைட் பலகை ஏற்றினோம். பெட்டியின் கதவில் எழுதியிருக்கும் உச்ச எடைக்குள்தான் இருந்தது. ஆனாலும் லாரிக்காரர் எடுக்க மறுத்துவிட்டார்.

பதில்: அவர் செய்தது சரியாகவே இருக்கலாம். கதவில் எழுதியிருப்பது, வழக்கமாக 30,480 கிலோ, பெட்டியின் உடல் தாங்கும் மொத்த எடை. சாலையில் செல்லும் எடையை முடிவு செய்வது வண்டியின் அச்சுகள். 2018இல் அச்சு எடை வரம்புகளை உயர்த்தியபோது டிரெய்லர் வண்டிகளின் உச்ச மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன்னாயிற்று. ஆனால் அது அச்சு எண்ணிக்கை கூடிய வண்டிகளுக்கு. குறைந்த அச்சுகள் உள்ள வண்டியின் பதிவுச் சான்றில் அதைவிடக் குறைவான எடையே இருக்கும். மீறினால் 20,000 ரூபாய் அபராதம், அதன் மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். நாற்பது அடி டிரெய்லரில் கனமான ஒற்றை இருபது அடிப் பெட்டியை நடுவில் வைத்தால் எடை பரவும். ஆனால் கிடங்கு மேடையை ஒட்டிக் கதவைத் திறக்க வசதியாகக் கடைசியில் வைக்கச் சொல்கிறார்கள். அப்படி வைத்தால் பின் அச்சுகளில் பளு குவிந்து, இழுக்கும் வண்டியின் சக்கரங்களுக்குப் பிடிமானம் குறையும். மழை நாளில் பாலம் ஏறும்போது ஓட்டுநருக்கு உயிர் போய் உயிர் வரும். 2016 ஜூலை 1 முதல் கப்பலில் ஏறும் ஒவ்வொரு பெட்டியின் எடையையும் அனுப்புபவர் சரிபார்த்து அறிவிக்க வேண்டும் என்பது உலக விதி. அந்த எடையை லாரிக்காரரிடம் வண்டி பேசும்போதே சொல்லிவிட்டால், அதற்கேற்ற அச்சுகள் உள்ள வண்டியை அவர் அனுப்புவார்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் ஏன் கட்டத்துக்குள் இருக்கிறது?

பதில்: அது சோதனை இலக்கம். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். நான்காவது எழுத்து பெரும்பாலும் 'யூ'. பிறகு ஆறு இலக்க வரிசை எண். இந்தப் பத்தையும் ஒரு வாய்பாட்டில் போட்டால் கிடைப்பதே கட்டத்துக்குள் இருக்கும் ஏழாவது இலக்கம். எழுதும்போது ஓர் இலக்கம் மாறிப்போனால் கணக்கு உதைக்கும், பிழை தெரிந்துவிடும். ஏற்றுமதிப் பெட்டி துறைமுகத்துக்குள் நுழையத் தேவையான ஃபார்ம் 13இல் எண் தவறினால் வண்டி வாசலோடு திரும்ப வேண்டும் என்பதால், இதைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்க அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

பூந்தமல்லியிலிருந்து ஒரு வாசகர்: இவ்வளவு குறைந்த தூரத்துக்கும் இ-வே பில் தேவையா?

பதில்: இ-வே பில் என்பது சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு. காலிப் பெட்டிக்கு அது தேவையில்லை. சுங்க அனுமதிக்காகத் துறைமுகத்திலிருந்து சரக்கு நிலையத்துக்குப் போகும் இறக்குமதிப் பெட்டிக்கும் தேவையில்லை. அனுமதி முடிந்து உங்கள் கிடங்குக்கு வரும்போது தேவை. தொழிற்சாலையில் நிரப்பித் துறைமுகத்துக்கு அனுப்பும்போதும் தேவை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாவதால், வரிசையில் இரண்டு நாள் நிற்க நேர்ந்தால் காலக்கெடு முடியும் முன்பே நீட்டிக்க மறவாதீர்கள்.

மணலியிலிருந்து ஒரு வாசகர்: பல ஆண்டுகளாக டிரெய்லர் ஓட்டுகிறேன். பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி, ஒரு சரக்கு நிலையத்தில் இணைத்து ஓட்டலாமா?

பதில்: ஓட்டத் தெரிந்தவருக்கு வண்டியைப் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் இழுவை வண்டி, டிரெய்லர் இரண்டின் ஆவணங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். பெட்டியை டிரெய்லரோடு பூட்டும் ட்விஸ்ட் லாக் நான்கும் முழுதாகச் சுழன்று பூட்டுகின்றனவா, இழுவை வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஐந்தாம் சக்கரத் தட்டும் கிங் பின்னும் தேய்ந்திருக்கின்றனவா என்பதைக் கவனியுங்கள். பூட்டாத பெட்டி வளைவில் என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் அதிகம் யோசிப்பது வரவு பற்றி. ஒரே நிலையத்தோடு இணைந்தால் வேலை தட்டாமல் வரும். ஆனால் வாடகையையும் பணம் தரும் நாளையும் அவர்களே முடிவு செய்வார்கள், டீசலுக்கோ நீங்கள் அன்றன்றே காசு கொடுக்க வேண்டும். ஆகவே வண்டி வாங்குவதற்கு முன்பே, குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஒற்றை வண்டி வைத்துச் சேவை தருபவரும் குறுந்தொழில்தான். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வழக்குப் போட்டுப் பிழைக்க முடியாது என்று சொல்வீர்கள், உண்மைதான். ஆனால் அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாதபடி வருமான வரிச் சட்டமும் 2023இல் திருத்தப்பட்டதால், பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவினர் மார்ச் மாதத்திலாவது உங்கள் பில்லைத் தேடி எடுப்பார்கள்.

எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு ஹால்டிங், நாளுக்கு எவ்வளவு, வாசலுக்கு வந்த நேரத்தை யார் குறித்துத் தருவார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில், வாடகை சற்றுக் கூடுதலாகவே இருந்தாலும், தவணை கட்ட வேண்டிய வண்டியை இணைக்க வேண்டாம் என்பது என் கருத்து.